எடை எங்கே நிற்கிறது?

அன்புள்ள மருமகனுக்கு,

கேட்டதற்கு முதலில் பதில்: உன்னால் முடியும். பழைய பிராடோவுக்குப் புது சஸ்பென்ஷன் மாட்டுவது வானத்தை வில்லாக வளைக்கிற காரியம் இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த, அவசரப்படாத, சொன்னதைக் கேட்கிற ஆள் ஒரு வெள்ளியும் சனியும் ஒதுக்கினால் முடித்துவிடலாம். இந்த மூன்று குணத்தில் முதலாவது உனக்குச் சின்ன வயசிலேயே உண்டு; வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்ட கதையை அக்கா இன்னும் சொல்கிறாள். மற்ற இரண்டுக்காகத்தான் இந்தக் கடிதம் நீளப் போகிறது. பாதியில் மடித்து வைக்காதே.

கூட வேலை பார்க்கிற சேட்டன் உதவிக்கு வருகிறார், அவர் சனையா என்கிற பட்டறைப் பகுதியில் பல வருடம் கிடந்தவர் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. "அவர் செய்வார், நான் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வேன்" என்று அடுத்த வரியில் எழுதினாயே, அங்கேதான் மாப்ளே முதல் தப்பு. பக்கத்தில் நிற்பவன் டார்ச் பிடிக்கத்தான் கற்றுக்கொள்வான். ஸ்பேனர் உன் கையில் இருக்கட்டும், சேட்டன் ஸ்டூல் போட்டு உட்காரட்டும். தொடக்கூடாத நட்டை நீ தொடப் போகும்போது "நில்லு" என்று சொல்வதற்குத்தான் அவர். அவர் மாட்டினால் ஒரு பொழுதில் முடியும், நீ மாட்டினால் இரண்டு நாள் ஆகும் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடு. சாயாவும் சாப்பாடும் உன் செலவு.

அந்த இரண்டு நாளும் நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு போல்டிலும் ஸ்பேனரை வைக்கும் முன், "வண்டியின் எடை இப்போது இங்கே நிற்கிறது, இதைக் கழற்றினால் அங்கே போகும்" என்று சேட்டனிடம் வாய்விட்டுச் சொல். சொல்ல வரவில்லையா, ஸ்பேனரைக் கீழே வை. சஸ்பென்ஷன் வேலையில் விரல் போவதும் ஆளே போவதும் எடை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கை வைத்ததால்தான்.

"மாமா, சனையாவில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் முடித்துச் சாவியைக் கொடுத்துவிடுவார்களே, எனக்கு எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்பாய். வண்டி வீட்டுக்கும் ரைசூத் துறைமுகத்துக்கும் மட்டும் ஓடுவதாக இருந்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் நீ ஷிஸ்ரைத் தாண்டி மணலுக்குள் போக ஆசைப்படுகிறாய். நீ இருக்கும் சலாலாவிலிருந்துதான் ஆங்கிலேயப் பயணி பெர்ட்ரம் தாமஸ் 1930 டிசம்பரில் ஒட்டகங்களோடு புறப்பட்டு, ருப் அல் காலி பாலைவனத்தைக் கடந்து 1931 பிப்ரவரியில் தோஹா போய்ச் சேர்ந்தார். இன்றைக்கு வண்டிகள் போகின்றன என்றாலும் அங்கே மனிதர் கண்ணில் படுவது அரிதுதான். ஸ்டெபிலைசர் பார் லிங்க் ஒன்று உடைந்து தொங்கினால், அதைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாக ஓட்டலாமா, ஓட்டக்கூடாதா என்று முடிவெடுக்க வேண்டியவன் நீ. அந்த வண்டியின் அடியில் ஒரு தடவையாவது படுத்து வேலை பார்த்தவனுக்குத்தான் அந்த முடிவு வரும். அதற்காகத்தான் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். மிச்சமாகிற ரியாலுக்காக இல்லை.

சஸ்பென்ஷன் கிட் வந்த பெட்டியைப் பிரித்துவிட்டாயா? பிரிக்காவிட்டால் மேலே என்ன எடைக்கான ஸ்பிரிங் என்று பார். உன் அப்பா லாரி ஓட்டியவர். நாமக்கல் பட்டறையில் கமான் பட்டை ஒன்று கூட்டிப் போட்டால் வண்டி சுமையில் நிற்கும் என்பது மச்சானுக்கு வேதவாக்கு. லாரிக்கு அது சரி. லாரி நாள் முழுக்கச் சுமையோடு ஓடுவது. உன் வண்டியில் வாரம் ஆறு நாள் நீயும் ஒரு லஞ்ச் பையும் மட்டும். கெட்டியான ஸ்பிரிங் நல்லது என்று நண்பர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறாய். 400 கிலோ நிரந்தரச் சுமைக்கென்று செய்த ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் அது அமுங்கவே அமுங்காது. சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க வேண்டிய இடத்தில் தரையை விட்டு எம்பும். எம்பிய சக்கரத்துக்கு பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. உன் அம்மாவை முக்சைல் கடற்கரைக்குக் கூட்டிப் போனாயானால் திரும்பி வரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள். முன்னால் இரும்பு பம்பர், வின்ச், கூரையில் கேரியர் என்று எதுவும் நிரந்தரமாக இல்லாத வண்டிக்கு லேசான ஸ்பிரிங் போதும். வருடத்துக்கு ஓரிரு தடவை பாலைவனத்துக்குத் தண்ணீரும் எரிபொருளும் ஏற்றுவதற்காக மிச்ச நாளெல்லாம் குலுங்காதே. கனமானது வந்திருந்தால் பெட்டி கசங்குமுன் கடையில் மாற்றிக்கொள்.

எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ள, ஆட்டம் சூடாக மாறி வெளியேறுகிறது. அலையலையாகக் கிடக்கும் மண் ரோட்டில் நீண்ட தூரம் ஓட்டிவிட்டு இறங்கி ஷாக்கைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். எண்ணெய் சூடேறி நுரைத்துவிட்டால் பிஸ்டனுக்குத் தடை குறைந்து, வண்டி மிதக்கத் தொடங்கும். நுரைக்காமல் இருக்கத்தான் உள்ளே நைட்ரஜனை அழுத்தி அடைக்கிறார்கள். புதுசு வாங்கியாயிற்று என்று மண் ரோட்டில் பறக்காதே. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷாக்குக்கும் ஒரு எல்லை உண்டு. டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினால் அதற்குப் பாதி வேலை மிச்சம்.

இன்னொரு விஷயம், இது வளைகுடாவுக்கே உரியது. நாம் வாங்கும் நிறைய கிட்டுகள் ஆஸ்திரேலியத் தயாரிப்பு. ஓல்டு மேன் எமு என்ற பெயரில் விற்கும் ஏ.ஆர்.பி. நிறுவனமே 1975-ல் மெல்போர்னில் தொடங்கியதுதான். அங்கே ஓட்டுநர் உட்காருவது வலது பக்கம், ஓமானில் இடது பக்கம். சில கிட்டுகளில் இடதுக்கும் வலதுக்கும் ஸ்பிரிங் உயரம் கொஞ்சம் மாறும். ஓட்டுநர் பக்கம், பயணி பக்கம் என்று குறித்திருப்பார்கள். அந்தக் குறிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பி மாட்டிவிட்டு, வண்டி ஒரு பக்கம் சாய்கிறதே என்று அப்புறம் புலம்பாதே. கூட வந்த தாள் எந்த ஊர் வண்டிக்கு எழுதியது என்று பார்த்து, ஸ்பிரிங்கில் உள்ள எண்ணைத் தாளோடு ஒப்பிட்டு, சுவரோரம் நான்கையும் நிறுத்தி உயரத்தை டேப் வைத்து அளந்துகொள். மாட்டும் முன் வண்டியின் நான்கு மூலையிலும் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை எத்தனை என்று அளந்து எழுதிவை. அந்த எண்கள் இல்லாவிட்டால் எவ்வளவு ஏறியது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

யூடியூப்பில் இரண்டு மணி நேரத்தில் ஒருவன் முடித்துவிட்டானே என்கிறாயா? அவன் வண்டி துருப்பிடிக்காத ஊரில் ஓடிய வண்டி. உன் வண்டி அரபிக்கடல் ஓரத்தில் நிற்பது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கரீஃப் பருவச் சாரலும் கடல் உப்பும் அதன் அடிவயிற்றில் படிந்துகொண்டே இருக்கின்றன. மஸ்கட் நாற்பது டிகிரிக்கு மேல் வேகும்போது நீ இருபத்தைந்தில் குளுகுளுவென்று இருக்கிறாய் அல்லவா, அதற்கான விலையை உன் போல்டுகள் கொடுக்கின்றன. வியாழக்கிழமை இரவே நீ கழற்றப்போகும் எல்லா நட்டிலும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடு. காலையில் இன்னொரு தடவை அடி.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய போல்டு ஒன்று உண்டு. முன்பக்கம் லோயர் ஆர்ம் சட்டத்தோடு சேருகிற இடத்தில், தலையில் வட்டமான தட்டும் கோடுகளும் உள்ள கேம் போல்டு. வீல் அலைன்மென்ட்காரர் அதைத் திருப்பித்தான் சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்வார். கடலோர பிராடோக்களில் அது புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருவேறி ஒட்டிக்கொள்வது சகஜம். ஒட்டியிருந்தால் வண்டியை உயர்த்தியபின் அலைன்மென்ட் வராது, புது டயர் ஓரம் தேய்ந்து போகும். அந்த போல்டை கிரைண்டர் வைத்து அறுத்தெடுத்துப் புது போல்டும் புஷ்ஷும் போடுவது உன் முதல் வேலைக்கு ஆகாது.

இனி வேலைக்கு வருவோம். காம்பவுண்டில் இன்டர்லாக் கல் பதித்திருக்கிறது என்றாய். அதன்மேல் ஜாக்கியை நேராக வைக்காதே, கல் ஒரு பக்கம் அமுங்கும். தடித்த பலகை போட்டு அதன்மேல் வை. ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட அடியில் நீட்டாதே. ஸ்டாண்டு கிடைக்கவில்லை என்று தாபூக் என்கிற பொள்ளல் சிமென்ட் கல்லை அடுக்குகிறவர்களை வளைகுடா முழுக்கப் பார்க்கலாம். பொள்ளல் கல் சுவரில் வரிசையாகப் பரவி நிற்கும் எடைக்குச் செய்தது. சட்டத்தின் ஒரு முனை அதன்மேல் குத்தி நின்றால் எச்சரிக்கை இல்லாமல் தூளாகும். சேட்டனே வைத்தாலும் நீ அடியில் போகாதே. உனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டாம். மரியாதையாக "சேட்டா, ஸ்டாண்டு வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போ.

பின்பக்கத்திலிருந்து தொடங்கு. பிராடோவில் பின்னால் முழு அச்சு, காயிலும் ஷாக்கும் தனித்தனி, கற்றுக்கொள்ளத் தோதானது. பின்பக்கத்தைத் தூக்கிய நிமிஷமே ஹேண்ட் பிரேக் பயனற்றது, ஏனென்றால் அது பிடிப்பது பின் சக்கரத்தை. ஆகவே முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்துவிட்டுத் தூக்கு. சட்டத்தை ஸ்டாண்டில் உட்காரவை. அச்சை ஜாக்கியில் ஏந்திக்கொள். இப்போது எடை எங்கே? உடம்பின் எடை ஸ்டாண்டில், அச்சின் எடை ஜாக்கியில். இதைச் சொல்லிவிட்டால் ஷாக்கைக் கழற்று. அச்சை மெதுவாக இறக்கும்போது உன் கண் பிரேக் ஹோஸிலும் ஏபிஎஸ் ஒயரிலும் இருக்கட்டும். அச்சு அவற்றில் தொங்கக் கூடாது. ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வரும். புது ஷாக்கை மாட்டும்போது பளபளக்கும் கம்பியைக் கட்டிங் பிளேயரால் பிடிக்காதே. ஒரு கீறல் போதும், ஆயில் சீல் கிழிந்து ஒழுக ஆரம்பிக்கும். காற்றுத் துப்பாக்கி வைத்து மேல் நட்டை முறுக்காதே. கம்பி உள்ளே சுழன்று வால்வு கெடும்.

முன்பக்கம் வேறு கதை. அங்கே ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகக் கோத்த கூட்டு. பானட்டைத் திறந்தால் மேலே சுற்றிலும் மூன்று நட்டு, நடுவில் ஒரு நட்டு. அந்த மூன்றை நீ கழற்றலாம். நடு நட்டு உனக்கு இல்லை. கீழே அமுக்கி வைத்த ஸ்பிரிங் முழுவதும் அந்த ஒரு நட்டின் பிடியில் நிற்கிறது. அதை அவிழ்த்தால் ஸ்பிரிங் எடுக்கும் வேகத்தில் முகத்தை விலக்க உனக்கு நேரம் இருக்காது. கூட்டை முழுசாக வெளியே எடுத்து, பிரஸ் வைத்திருக்கிற சனையா கடைக்குக் கொண்டு போ. அவர்கள் பழைய ஸ்பிரிங்கை அமுக்கி இறக்கிப் புதுசைக் கோத்துத் தருவார்கள், நீ கொண்டு வந்து மாட்டு. "கையால் அமுக்கும் கம்ப்ரஸர் ஆன்லைனில் வாங்கிவிட்டேன்" என்று எழுதியிருந்தாய். அதைத் திருப்பி அனுப்பு. இதில் மாமா சொல்வதை ஒரே தடவை எதிர்த்துப் பேசாமல் கேள்.

அடுத்து வருவதை அனுபவப்பட்ட மெக்கானிக்குகளே அவசரத்தில் விட்டுவிடுவார்கள். ரப்பர் புஷ் உள்ள போல்டுகளை வண்டி தூக்கி நிற்கும்போது முழு இறுக்கம் இறுக்காதே. புஷ்ஷின் ரப்பர் உள் குழாயோடு ஒட்டியது. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் அந்தத் தொங்கும் நிலைதான் ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடும். வண்டியை இறக்கியதும் அது முறுக்கேறி, வண்டி சும்மா நிற்கும்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். சில மாதத்தில் கிழியும். அதுவரைக்கும் வண்டி அநியாயமாகக் குலுங்கும், நீயும் கிட்டைத்தான் திட்டுவாய். கையால் இறுகும் அளவுக்கு மட்டும் முறுக்கி வை. சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, பம்பரை நாலைந்து தடவை அமுக்கி உட்காரவிட்டு, எடை சக்கரத்தின்மேல் நிற்கும்போது டார்க் ரெஞ்சால் இறுக்கு. எத்தனை டார்க் என்பதை வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார். என்னிடமும் கேட்காதே, சேட்டனின் மணிக்கட்டையும் நம்பாதே.

மூன்று அங்குலம் ஏற்றலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். வேண்டாம். இரண்டு போதும். அதற்கு மேல் போனால் முன் டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடி, ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறும். எடையும் மேலே ஏறும். துமரைட்டிலிருந்து மலை இறங்கி வரும் பாதையிலும் முக்சைல் தாண்டிய கொண்டை ஊசி வளைவுகளிலும் உயரமான வண்டி வெளிப்பக்கம் சாய்வதை முதுகு உணரும். சாலையில் ஒட்டகம் குறுக்கே நிற்கும்போது திடீரென ஒடித்துத் திருப்ப வேண்டியவன் நீ. மணலில் கூடுதலாகக் கிடைக்கும் ஒரு அங்குலத்துக்காக அதை விலையாகக் கொடுக்காதே.

மாட்டி முடித்ததும் அலைன்மென்ட். கூடவே ஹெட்லைட்டையும் சரிசெய்யச் சொல். முன்பக்கம் பின்பக்கத்தைவிடக் கூடுதலாக உயர்ந்திருக்கும், வெளிச்சம் மேல்நோக்கிப் போகும். கரீஃப் மூடுபனியில் மேல்நோக்கிய வெளிச்சம் உனக்கே வெள்ளைச் சுவராகத் திரும்பும், எதிரே வருபவருக்குக் கண்ணைக் குருடாக்கும். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குள் எல்லா நட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார். புது ஸ்பிரிங் கொஞ்சம் அமர்ந்திருக்கும். மறுபடி அளந்து பழைய எண்களோடு ஒப்பிடு.

நீ கேட்காத ஒன்றும் உண்டு. ஓமானில் போலீஸ் அனுமதி இல்லாமல் வண்டியில் மாற்றம் செய்வது அபராதத்துக்குரியது. முல்கியா என்கிற வண்டிப் பதிவு அட்டை உன் பெயரில் இருக்கிறது, பதில் சொல்ல வேண்டியதும் நீதான். இந்த உயரத்துக்கு அனுமதி தேவையா என்று டிராஃபிக் அலுவலகத்தில் நேரில் கேள். இன்சூரன்ஸ்காரருக்கும் எழுதித் தெரிவித்து, அவர்கள் பதிலை எடுத்து வை. நாளைக்கு ஒரு விபத்து என்றால் அந்தத் தாள்தான் பேசும்.

இந்த வாரமே ஒரு நாள் வேலை விட்டு வந்து, வண்டிக்கடியில் டார்ச்சோடு படுத்து அந்த கேம் போல்டுகளைப் பார். நட்டைத் தளர்த்தினால் போல்டு திரும்புகிறதா, ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று எனக்கு எழுது. ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் சனையா, அப்புறம்தான் கிட். அதுவரை பெட்டி வீட்டுக்குள் இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா